பதினான்கு பச்சைக் காய்கள்

மே 10, சனிக்கிழமை, காலை 9.40. காய்கள் பதினான்கு. எல்லாம் பச்சை.

இந்தக் கணக்கைச் சொல்லத்தான் கைப்பேசியை எடுத்தேன். கிள்ளான் பண்டமாரானில் முனீஸ்வரர் கோயில் தூங்குமூஞ்சி மரத்தில், மூன்று மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தேன். நான் அழைப்பதற்குள் மணி அடித்தது. திரையில் யோகா அக்கா பெயர்.

"கரெக்ட் டைம்க்கா. பதினாலு இருக்கு. ஒண்ணுகூட விழல."

அந்தப் பக்கம் அவர் தங்கை. "தினேஷ், அக்கா போயிட்டா" என்றார். பிறகு, "நீ எங்க நிக்கிறாய்?" என்று கேட்டார். நான் எங்கும் நிற்கவில்லை. வந்துவிடுகிறேன் என்றேன்.

கயிற்றில் இருப்பவன் நினைத்தவுடன் இறங்க முடியாது. முடிச்சைப் பார்க்க வேண்டும், கொக்கியைப் பார்க்க வேண்டும், இடைவார் சரியா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கவனம் சிதறினால் அது திரும்பும்வரை மேலேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. இருந்தேன். என் மூக்குக்கு நேராக அந்தப் பதினான்கு காய்களும் இருந்தன. அன்று பிற்பகல் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் கிடந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். முகம் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் இந்த நினைவு மலருக்காக ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் தங்கை. எனக்கு அறிக்கை மட்டும்தான் எழுதத் தெரியும் என்றேன். "அறிக்கையாவது எழுது" என்றார். இதைப் படிக்கும் உங்களில் பலர் தாவரவியலாளர் டாக்டர் யோகராணியை, பாடம்செய்த செடிகளை வைக்கும் உலர்தாவர அறையில், அலமாரிகளுக்கு நடுவே பார்த்தவர்கள். நான் அவரை மரத்தடியில் பார்த்தவன். மேலிருந்து பார்த்தால் அவர் ஒரு நீலக்குடை, ஒரு தொலைநோக்கி, நிற்காத ஒரு குரல்.

முதல் சந்திப்பே சண்டைதான். மூன்று வருடங்களுக்கு முன், கோயில் தகரக்கூரைமேல் காய்ந்த கிளை ஒன்று விழும் நிலையில் இருந்தது. அதை வெட்ட என் கம்பெனி என்னை அனுப்பியது. கீழே குடையோடு ஒரு பெண் நின்றுகொண்டு நகர மறுத்தார்.

"தம்பி, பக்கத்துக் கிளையில தொங்குதே, அதை வெட்டிடாதீங்க."

"எது, அந்தப் புல்லுருவியா?"

"நீங்க படிச்சவரா?"

"மரப் பராமரிப்புல டிப்ளோமா."

"அப்ப இன்னும் மோசம்."

கோபத்தில் கீழே இறங்கினேன். பச்சை நூடுல்ஸ் போல ஒரு துண்டு தரையில் விழுந்து கிடந்தது. அதைப் பொறுக்கி என் கையில் வைத்தார். "வேர் பட்டைக்குள்ள போயிருந்ததா, பட்டைமேல ஓடியிருந்ததா? நீங்கதானே மேல பாத்தீங்க."

யோசித்தேன். "மேல."

"ஓம். அப்ப உறிஞ்சல. சும்மா உட்கார்ந்திருக்கு. பஸ்ல பக்கத்து சீட்ல ஒருத்தன் உட்கார்ந்தா உங்க பர்ஸ எடுத்துட்டான்னு சொல்லுவீங்களா?"

"எந்த பஸ்ஸுன்றதப் பொறுத்துக்கா."

அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன். பெரிய சிரிப்பு, கோயில் பூசாரி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. பிறகு கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கொடுத்து, அந்தத் தண்டைப் பார்க்கச் சொன்னார். வழவழப்பான தண்டு. இலை இல்லை, முள்ளும் இல்லை. ஆனால் இடைவெளி விட்டு விட்டுச் சின்னச் சின்ன மேடுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மெல்லிய மயிர்கள்.

"இது கள்ளி" என்றார். "பாலைவனக் கள்ளி இல்ல. மழைக்காட்டுல மரத்துமேல வாழுற கள்ளி. கன்றா இருக்கும்போது உடம்பெல்லாம் முடி முடியா முள் இருக்கும், வளர வளர உதிர்ந்துடும். முள் இல்லாத கள்ளி உண்டு. முள் முளைக்கிற மேடு இல்லாத கள்ளி கிடையாது."

அதற்குப் பிறகு பெரும்பாலும் சனிக்கிழமைகளில் அவர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வருவார். நான் நிலையத்தில் காத்திருந்து என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவேன். அவர் கையில் எண்ணெய் ஊறிய காகிதத்தில் கடை வடை இருக்கும். அவர் சமைத்துப் பார்த்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்வார். நான் ஏறுவேன், அளப்பேன், படம் எடுப்பேன், கொஞ்சம் தண்டு வெட்டி இறக்குவேன். அவர் கீழே நின்று என்னைத் திட்டுவார்.

இந்தச் செடியின் வகைப்பாடு ஏன் அவரைப் பிடித்து ஆட்டியது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். தவறிருந்தால் அலமாரிக்காரர்கள் திருத்துங்கள். கள்ளிக் குடும்பம் முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தம். வேறெங்கு பார்த்தாலும் மனிதன் கொண்டுபோய் நட்டது. ஒன்றே ஒன்றுதான் விலக்கு. ரிப்சாலிஸ் பேரினத்தில் ஒரு சிற்றினம் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் காட்டுச் செடியாகவே வளர்கிறது. பறவை வயிற்றில் கடல் தாண்டியதா, கப்பலில் வந்ததா, யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் அதற்கு முதலில் பெயர் வைத்தவர், பழத்தோடு இருந்த செடியைப் பார்த்து, அதைக் கொத்தான் என்று நினைத்துவிட்டார். கொத்தான் இலையில்லாத கொடி. மற்ற செடிகளைச் சுற்றி உறிஞ்சி வாழ்வது. அதாவது, பெயர் வைத்தவரே அதை ஒட்டுண்ணி என்றுதான் எண்ணினார்.

"தப்பான குடும்பத்துல போட்டார் மனுசன்" என்பார் யோகா அக்கா. "ஆனா 'கனி தாங்குவது'ன்னு ஒரு அடைமொழி போட்டார். அது சரி. பேர்ல முன்பாதி போயிடுச்சு, அந்தப் பின்பாதி இன்னைக்கும் நிக்குது. ஏன்? கண்ணால பாத்ததை மட்டும் எழுதினது அந்தப் பாதியிலதான்."

எங்கள் மரத்துச் செடி அதுதானா, அல்லது நர்சரியில் தொங்கும் பூந்தொட்டிகளில் விற்கும் அதன் பங்காளி ஒன்றா? யாராவது கட்டிவிட்டதா, பறவை கொண்டுவந்து போட்டதா? "நட்டதா, வந்ததா?" என்பதுதான் அவர் கேள்வி. பூவைப் பார்த்தாயிற்று: தண்டின் பக்கவாட்டில், வெண்பச்சையாக, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பூ. அதுவே நுனியில் பூத்திருந்தால் வேறு சிற்றினம். இனிப் பழம் வேண்டும். கனிந்து வெள்ளையாகிறதா, சிவப்பாகிறதா, உள்ளே முளைக்கும் விதை இருக்கிறதா, அந்த விதையைச் சுற்றியுள்ள பசையில் ஒட்டிப் பறவை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகிறதா. முதல் இரண்டு வருடம் பூ வந்தது, காய் நிற்கவில்லை.

எனக்குப் பொறுமை கிடையாது. "ஒரு துண்டு வெட்டி டிஎன்ஏ அனுப்புங்கக்கா. ரெண்டு வாரத்துல முடிஞ்சுது."

"அனுப்பலாம். இது யாருக்குச் சொந்தக்காரன்னு அது சொல்லும். இந்த மரத்துல குடித்தனம் பண்ணுதான்னு சொல்லாது. பழத்தைப் பாக்காம பேர் வைக்கிறது, பிள்ளை பிறக்காம பள்ளிக்கூடத்துல சேக்கிற மாதிரி."

ஒரு முறை செய்தித்தாள்காரர் ஒருவர் மரத்தடிக்கே வந்துவிட்டார். இலங்கைக் காட்டுச் செடி, யாழ்ப்பாண வம்சாவளிப் பெண், பூர்வீகம் தேடி வந்த கள்ளி என்று கதையைக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். அந்தக் காலத்து ரயில்வே குமாஸ்தா எவராவது ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கலாம் அல்லவா என்று கேட்டார். யோகா அக்கா அவருக்கு ஒரு வடை கொடுத்தார். பிறகு சொன்னார்: "யாழ்ப்பாணத்துல இந்தச் செடி கிடையாது. அது வறண்ட பூமி. இது ஈரக்காட்டுல வளர்றது. என் பாட்டனார் இதைக் கண்ணாலயே பாத்திருக்க மாட்டார். உங்களுக்குக் கதை வேணும், எனக்குப் பழம் வேணும். எது முதல்ல வருதோ பாப்போம்." செய்தி வரவில்லை.

இனி மாரி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த முனீஸ்வரர் கோயிலைப் பார்த்துக்கொள்பவர். துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சாமி இருக்கும் மரத்தில் கேட்காமல் ஏறக்கூடாது என்பது அவர் சட்டம். ஒவ்வொரு தடவையும் ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சுருட்டு. நான் முணுமுணுத்தேன். யோகா அக்கா முணுமுணுக்கவில்லை. "ஆராய்ச்சி அனுமதிக்கு நான் ஏறாத ஆபீஸ் இல்ல. இவர் ஒரு எலுமிச்சம்பழத்தோட முடிச்சுக்கிறார். சுருட்டை வாங்கு" என்றார். கோயிலுக்குச் சுருட்டு வாங்கிக் கொடுத்து, அறிக்கையில் 'கள அனுமதி பெறப்பட்டது' என்று எழுதிய தாவரவியலாளர் இந்த நாட்டில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்துப் பெண் என்றால் மாரி அண்ணனுக்கு டீச்சர்தான். இறங்கி வரும்போதெல்லாம் அதே கேள்வி.

"என்ன டீச்சர், இன்னைக்குப் புல்லுருவி எவ்வளவு எடுத்தீங்க?"

"அண்ணே, அது புல்லுருவி இல்ல."

"சரி டீச்சர்."

"அது மரத்த உறிஞ்சாது."

"சரி டீச்சர். டீ குடிங்க."

அடுத்த சனிக்கிழமை மறுபடியும், "என்ன டீச்சர், இன்னைக்கு எவ்வளவு?" அது எங்களுக்கு வாராந்திர வேடிக்கை. நான் ஒரு நாள் எரிச்சலில் சத்தம் போடப் போனேன். யோகா அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "தப்பத் திருத்தச் சத்தம் எதுக்கு? லென்ஸைக் குடு, பாக்கட்டும்." மாரி அண்ணன் லென்ஸை வாங்கி, ஒரு கண்ணை மூடி, நெடுநேரம் பார்த்தார். "அழகா இருக்கு டீச்சர்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். நம்பினாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

இந்த வருடம் பூ விழுந்து காய் நின்றது. அதே சமயத்தில் அவருக்கு நோய் திரும்பி வந்தது. எந்த நோய், எத்தனை முறை ஊசி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவர் வார்டில் படுத்திருந்தார். நான் மரத்திலிருந்து படம் அனுப்புவேன். உடனே அழைப்பு வரும்.

"வெள்ளையாச்சா?"

"இல்லக்கா. பச்சை."

"வடிவா பாத்தியா? நுனியில?"

"பச்சைதான்க்கா. மாம்பழக்காரன் மாதிரி கல்லு வெச்சுப் பழுக்க வைக்கவா?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, தாதி வந்து கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டார்.

எனக்கு எதையாவது சரிசெய்யத்தான் தெரியும். சாய்ந்த மரத்துக்குக் கம்பி கட்டுவேன். பிளந்த கிளையை முறுக்காணி போட்டு இறுக்குவேன். இங்கே ஒரு காய் பழுக்க வேண்டும், ஒரு ஆள் அதுவரை இருக்க வேண்டும். இரண்டில் எதற்கும் என் பையில் கருவி இல்லை. படத்தில் பச்சையைக் குறைத்து வெள்ளையாக்கி அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்து, கைப்பேசியில் நிறத்தை நகர்த்திப் பார்த்தேன். அனுப்பவில்லை. காய்க்குப் பின்னால் இருந்த பட்டையும் வெளுத்துப்போயிருந்தது. அவர் கண்டுபிடித்திருப்பார்.

கடைசியாக நேரில் பார்த்த அன்று பேச்சு அதிகம் இல்லை. உதடு காய்ந்திருந்தது. "அவசரப்பட்டுக் காயாப் பறிச்சிடாதே" என்றார். அப்புறம், "உன்னைத்தான் சொல்றேன்" என்றார்.

மே 24, சனிக்கிழமை, அவர் போன பிறகு முதல் தடவையாக மரத்துக்குப் போனேன். எலுமிச்சம்பழமும் சுருட்டும் நானே வாங்கினேன். மேலே ஏறிப் பார்த்தால் பதினான்கும் இருந்தன. பச்சை வெளுக்கத் தொடங்கி, வெயிலுக்கு எதிரே பிடித்தால் உள்ளே ஏதோ கரும்புள்ளிகள் தெரிவதுபோல் இருந்தது. இன்னும் ஒரு வாரம் என்று கணக்குப் போட்டேன். பறிக்கவில்லை. கீழே மாரி அண்ணன் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "டீச்சருக்கு எதாவது செய்யணும் தம்பி" என்றார். அன்னதானத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "செய்ங்கண்ணே" என்றேன்.

மே 31. மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே ஏதோ மாறியிருந்தது தெரிந்தது. மரத்தின் அடியில் வெள்ளையடித்து மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். கிளை பளிச்சென்று மொட்டையாக இருந்தது.

"தம்பி!" மாரி அண்ணன் முகமெல்லாம் பூரிப்பு. "மேல பாருங்க. எப்படி?"

காய்கள் இருந்த இடத்தைக் கண்ணால் தேடினேன்.

"தெருவிளக்கு மாத்துற லோரி இருக்குல, அதை நம்ம கமிட்டி ஆளு ஒருத்தர் கொண்டு வந்தாருலா. ஞாயித்துக்கிழமை, டீச்சருக்குப் பதினாறாம் நாள். நம்ம வழக்கம் அதானே. அன்னதானம் போட்டோம். மரத்தையும் சுத்தம் பண்ணிட்டோம். ஒரு நூல்கூட இல்ல, பிரஷ் போட்டுத் தேய்ச்சாச்சு."

"ஏண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "என்ன தம்பி இப்படிக் கேக்குறீங்க? வாரா வாரம் நீங்க ஏறிக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டி இறக்குனீங்க. டீச்சர் பையில போட்டுக் கொண்டு போனாங்க. அந்தப் புல்லுருவி போகணும்னுதானே அவ்வளவு தூரத்துல இருந்து, உடம்பு முடியாத காலத்துலயும் வந்தாங்க? முடிக்காமப் போயிட்டாங்க. அரைகுறையா விட்டா அவங்க ஆத்மா அலையாதா?"

வெட்டியதையெல்லாம் குப்பை லோரி அன்றே அள்ளிக்கொண்டு போய்விட்டது. தகரக்கூரை, வாய்க்கால், வேர்களின் இடுக்கு எல்லாவற்றையும் மண்டியிட்டுத் தேடினேன். எதைத் தொலைத்தேன் என்று கேட்டு அவரும் குனிந்து என்னோடு தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. நான் வாய்ச்சண்டைக்கு அஞ்சாதவன். கிள்ளானில் பாதி ஒப்பந்தக்காரர்களுக்கு அது தெரியும். அன்று சண்டை போடவில்லை. எழுந்து, அவர் கொடுத்த டீயைக் குடித்தேன். "நல்லா செஞ்சீங்கண்ணே" என்றேன். வேறு என்ன சொல்ல? முதலில் பெயர் வைத்த மேதையே இதை ஒட்டுண்ணி என்றுதான் நினைத்தார். மாரி அண்ணன் பெயர் எதுவும் வைக்கவில்லை. தனக்குத் தெரிந்த மரியாதையைச் செய்தார்.

யோகா அக்கா வீட்டு வழக்கத்தில் முப்பத்தோராம் நாள், மாரி அண்ணன் வழக்கத்தில் பதினாறாம் நாள். அந்த இடைவெளியில் பழுத்திருக்கும்.

இதை யாரிடமும் இதுவரை சொல்லவில்லை. தங்கையிடம்கூட. அவர் வீட்டு மாடத்தில் ஒரு தொட்டி தொங்குகிறது. நாங்கள் வெட்டி இறக்கிய தண்டிலிருந்து யோகா அக்கா வேர்பிடிக்க வைத்தது. "இந்தப் பேரில்லாத செடிக்குத் தண்ணி ஊத்தலாமா?" என்று தங்கை கேட்டார். ஊற்றச் சொன்னேன். அது பிழைத்துக்கொள்ளும். ஒரு நாள் பழுக்கவும் பழுக்கும். ஆனால் நாமே நட்டது. நட்டதா, வந்ததா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்திருந்த அவருடைய பழைய சகா ஒருவர், செடிக்கு அவர் பெயரையே வைத்துவிடலாமே என்றார். பலர் தலையாட்டினீர்கள். நல்ல மனதோடு சொன்னது, தெரியும். ஆனால் முடியாது. இது புதுச் சிற்றினம் என்பதற்கு நம்மிடம் எந்த ஆதாரமும் இல்லை. இருக்கிற பெயர்களில் எது என்பதே தெரியாது. உயிரோடு இருந்திருந்தால் அந்தச் சகாவை வாசல்வரை விரட்டியிருப்பார், உங்களுக்குத் தெரியாததா?

லென்ஸை எனக்குத் தரப் பார்த்தார் தங்கை. வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. முன்பெல்லாம் அறிக்கையில் 'தெரியாது' என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கும். எதையாவது போட்டு நிரப்பிவிடுவேன். இப்போது எழுத வருகிறது. அவரை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இனி செய்யப்போவது:

1. அந்தியேட்டிக்கு முன்வரும் சனிக்கிழமை, இந்த மலர் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, எலுமிச்சம்பழம், சுருட்டோடு பண்டமாரான் போவேன். அதே தெருவிளக்கு லோரியில் மாரி அண்ணனை மேலே கூட்டிப்போய், லென்ஸை இரவல் வாங்கி, செடி இருந்த பட்டையைக் காட்டுவேன். உறிஞ்சியிருந்தால் குழி இருக்கும். குழி இருக்காது. அவர் உடைந்துபோவார். நான் பக்கத்தில் இருப்பேன். அதனால் அந்தியேட்டி அன்று அவர் வீட்டுக்கு வரும்போது வேறு யாரும் அவரிடம் இதைப் பேச வேண்டாம்.

2. அந்த மரத்திலிருந்து ஒரு சிறு பறவை பறக்கக்கூடிய தூரத்தில் உள்ள மரங்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஏறிப் பார்ப்பேன். உடம்பெல்லாம் முடியோடு ஒரு கன்று எங்காவது ஒட்டியிருந்தால், அது வந்தது.

3. தொட்டிச் செடி பழுக்கும்வரை காத்திருப்பேன். காயாகப் பறிக்கமாட்டேன்.

4. பூவோடு மட்டும் இருக்கும் அவருடைய உலர்தாவரத் தாளை அலமாரியில் சேர்ப்பேன். சேகரித்தவர்: யோகராணி. பேரினம்: ரிப்சாலிஸ். பழம்: பார்க்கப்படவில்லை. சிற்றினம் என்ற இடத்தைக் காலியாக விடுவேன். யாரும் பேனாவை எடுக்காதீர்கள்.